ஒரு மணிக்கு இரண்டு நிறம்

…இது தேன் நிறம்தானே, போன மாதம் இதே ஆம்பர் மணியை இதே ஜன்னலோரத்தில் வைத்துப் பார்த்துத் தேன் என்றுதானே கிண்ணத்தில் போட்டாள், இப்போது ஏன் எலுமிச்சைச் சாறு மாதிரி வெளிறிக் கிடக்கிறது… ஹில்டா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள், தேன். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள், எலுமிச்சை. போன வாரம்தான் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள், சொட்டு மருந்தின் மங்கலில் எதையும் உற்றுப் பார்க்காமல் படுத்துக் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறாள், விஜயநகர் வீட்டின் மாடியறையில், வெள்ளைத் தாளை விரித்துக்கொண்டு. ஆம்பர் ஒன்றும் கல் இல்லை, மரத்துப் பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகியது, நல்லதென்றால் உப்புத் தண்ணீரில் மிதக்கும், அதை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், நிறம் பிரிக்கத்தான் நகைக்கடை பரத் அவளிடம் வருகிறான். காலையிலும் போன் செய்தான், கன்னடம் கலந்த அவனுடைய தமிழில். "ஆன்ட்டி, அஷ்வினி மேடம் மாலை ஆச்சா? எல்லா மணியும் ஒந்தே தர இருக்கணும், ஒரே கலர். ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு நிச்சயதார்த்தம்."

ஒரே கலர்… எந்தக் கண்ணுக்கு ஒரே கலர்? ஆபரேஷனுக்கு முன்னால் பாதி கோத்து வைத்த மாலையைத் தாளில் நீட்டினாள், பழைய கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, புதுக் கண்ணுக்கு மூன்றாவது மணி வெளிறல், அடுத்தது பிராந்தி நிறம், அதற்கும் அடுத்ததில் சூடு காட்டிப் பளபளப்பேற்றிய மீன்செதில் விரிசல், இதை எப்படி விட்டாள்? புரை மெதுவாகத்தான் வரும், எல்லாம் லேசாக மஞ்சளடித்துத் தெரியும், உங்களுக்கே தெரியாது என்றார் டாக்டர். எனக்கே தெரியாது என்றால் எத்தனை வருஷமாக? மகள் லிசாவின் கல்யாண கவுனைப் பழுப்பேறிய துணி என்று சொல்லிக் கடையிலேயே சண்டை போட்டாளே, வெள்ளைதாம்மா, வெள்ளை என்று அவள் அழுதாளே, அப்போதே வந்துவிட்டதா? அதற்கப்புறம் அனுப்பிய மாலைகள்? ஒருத்தரும் குறை சொல்லவில்லையே, அவர்களுக்கும் தெரியவில்லையா, தெரிந்தும் போகட்டும் என்று விட்டார்களா… ஒருவேளை இந்தப் புதுக் கண்தான் பொய் சொல்கிறதோ, பழகப் பழகச் சரியாகிவிடுமோ? மாலையை அறுத்துவிடலாமா, அறுத்த பிறகு பழைய கண்தான் சரி என்று ஆகிவிட்டால்?

ஏசுதாஸ் காபியோடு மேலே வந்தார். நல்லவேளை, மூன்றாவதாக ஒரு கண். "என்னங்க, இப்பிடி ஜன்னல்கிட்ட வந்து இதப் பாருங்க, என்ன கலர்?" அவர் டம்ளரை வைத்துவிட்டு மணியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே குனிந்தார். "தேன் கலர்னு நீதானே சொல்லுவே. எனக்கென்ன தெரியும்?"

சிரிக்கலாம் என்று நிமிர்ந்தவள் சிரிக்கவில்லை. அவருடைய கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. அவளுடைய கை தானாகப் போய் வலது கண்ணைப் பொத்தியது, ஒன்றுமில்லை, என்றைக்கும் போல ஏசுதாஸ், சுவரும் மஞ்சள், தாளும் மஞ்சள், அவரும் மஞ்சள். கையை எடுத்தாள், சுவர் வெள்ளை, தாள் வெள்ளை, அவர் கண் மட்டும்… இந்த ஒன்றில் மட்டும் புதுக் கண் பொய் சொல்லுமா? சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துபோகிறாரே, வயிறு மந்தமா இருக்கு என்கிறாரே, வெயில் என்று மோர் கரைத்துக் கொடுத்தாளே, அப்பா இளைச்சுட்டார்மா என்று லிசா வீடியோவில் சொன்னபோது, உனக்கு போன்ல அப்பிடித் தெரியுது என்றாளே. மஞ்சளில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் பிரித்துக் கிண்ணம் கிண்ணமாகப் போட்டவள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண்ணில்… பார்க்கவில்லையா, பார்க்க முடியவில்லையா, இரண்டும் ஒன்றா?

"எப்ப இருந்துங்க?" என்று கேட்டாள்.

ஏசுதாஸ் மணியைத் தாளின் நடுவில் மெல்ல வைத்தார், அது உருண்டுபோகாமல் விரலால் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தார். "காபி ஆறுது ஹில்டா, குடி," என்றார்.

எது எப்போதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை.