வியாழக்கிழமைப் பத்திரிகை

விமான நிலையத்திலிருந்து நேரே நகர சபைக் கூட்டத்துக்குப் போனவள் டாமரக் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கையில் பெட்டி. காலில் அரிசோனா வெயிலுக்கு வாங்கிய மெல்லிய ஷூ. இடுப்பில் போன வருடம் டாக்டர் பொருத்திய புது மூட்டு. வெளியே மூச்சு விட்டால் மீசையில் உறையும் குளிர். நல்லவேளை, எனக்கு மீசை இல்லை.

ஐலி லாக்சோனன் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடமாக ஊரின் வாரப் பத்திரிகையை நடத்துகிறவள். ஆசிரியர், நிருபர், விளம்பரம் வாங்குகிறவர் எல்லாம் அவளே. ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறோம். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வந்துட்டியாடி வெர்னா? உக்காரு. இப்பதான் நாய் லைசென்ஸ் முடிஞ்சு கல்லறைக் கட்டணத்துக்கு வந்திருக்காங்க. நம்ம விஷயம் கடைசில."

நம்ம விஷயம் என்றால், பனி மேல் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வண்டி விஷயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஊர் ஆண்கள் ஸ்னோமொபைல் சங்கம் ஆரம்பித்தபோது, பெண்கள் சாண்ட்விச் செய்து கொடுத்தால் போதும் என்றார்கள். ஐலி சாண்ட்விச் தட்டை அப்படியே மேஜையில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். பின்னாலேயே நாங்கள் ஐந்து பேர். அந்த வருடம் பிப்ரவரி முதல் சனிக்கிழமை, ஊதா நிறத்தில் ஒரே மாதிரி உடுப்பு தைத்துப் போட்டுக்கொண்டு, ஆறு பேரும் ஏரித்துறையிலிருந்து மெயின் ஸ்ட்ரீட் வழியாக மேலே தபால் ஆபீஸ் வரைக்கும் வண்டி ஓட்டினோம். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு. அதற்கப்புறம் வருடம் தவறவில்லை. நான் அரிசோனாவுக்குப் போன பிறகு ஐந்து பேர், பிறகு மூன்று, போன வருடம் ஐலி மட்டும் தனியாக.

டிசம்பரில் போன் செய்தாள். "தனியா ஓட்டினா ஏதோ சாமான் வாங்கப் போற மாதிரி இருக்குடி. ஒரே ஒரு தடவை வா." அதற்காகத்தான் வந்தேன். டாக்டர் கூடாது என்றார். மகள் கூடவே கூடாது என்றாள்.

மேயர் டுவெய்ன் பெட்ரிச் தொண்டையைச் செருமினார். மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் புதிதாகச் செங்கல் பாவியிருக்கிறார்களாம். வண்டிக்கு அடியில் சுழலும் பட்டையில் இருக்கும் ஆணிகள் செங்கல்லைக் கொத்திப் போடுகிறதாம். ஆகவே துறை முதல் தபால் ஆபீஸ் வரை ஸ்னோமொபைல் ஓட்டத் தடை. ஊர்வலம் என்றால் புதுக் கட்டணம், அறுபது நாள் முன்னதாக மனு.

எழுந்து நின்றேன். "டுவெய்ன், இன்னிக்கு செவ்வாய். எங்க ஊர்வலம் இந்த சனிக்கிழமை. அறுபது நாளைக்கு முன்னாடி எங்கே போய் மனு கொடுக்கிறது, போன வருஷத்துக்கா?"

சிரிப்பு எழுந்தது. டுவெய்னும் சிரித்தார். "வெர்னா, சின்னப் பையனா உங்க வண்டிக்குப் பின்னால ஓடி வந்து தொத்திக்கிட்டவன் நான். எனக்கா வருத்தம் இல்ல? ஆனா செங்கல் கடன் இன்னும் இருபது வருஷம் கட்டணும்."

நாலுக்கு ஒன்று. நிறைவேறிவிட்டது.

"போச்சு," என்றேன் வெளியே வந்ததும்.

"இன்னும் போகல," என்றாள் ஐலி, கையுறையை மாட்டிக்கொண்டே. "சபைல கை தூக்கினா மட்டும் சட்டம் ஆயிடாது. ஊர்ப் பத்திரிகைல அச்சாகி வெளிவரணும். அன்னிக்குத்தான் அமலுக்கு வரும்."

"ஊர்ப் பத்திரிகைன்னா..."

"என்னோடதுதான்."

நடுரோட்டில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "அடியே, அப்போ கதை முடிஞ்சுது! இந்த வாரம் போடாதே. அடுத்த வாரம் போடு."

என்னை மெதுவாகப் பிரித்து நிறுத்தினாள். "இந்த வாரம்தான் போடுவேன். சபை கொடுத்த அறிவிப்பை எந்த வாரமும் நான் தள்ளி வெச்சதில்ல."

"எனக்காகக்கூடவா?"

"பசிக்குது. வா, வீட்ல சூப் இருக்கு."

அவளிடம் அதற்கு மேல் பேச முடியாது. அந்த வயதிலேயே முடியாது, இந்த வயதிலா?

ஐலி புதன்கிழமை பக்கங்களை முடித்து பெல்மர் அச்சகத்துக்கு அனுப்பினாள். முப்பது மைல் தெற்கே. வியாழன் காலையில் லாரி கட்டுகளைக் கொண்டுவந்து தபால் ஆபீஸில் இறக்கும். ஊருக்கே அதுதான் கடிகாரம். சட்ட அறிவிப்பு ஐந்தாம் பக்கத்தில், மீன் வறுவல் விருந்து விளம்பரத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னாள். நான் சூப்பைக் குடித்தேன்.

அன்று சாயங்காலம் காற்று வடமேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது.

காலையில் ஜன்னல் வெள்ளையாக இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். லாரி வரவில்லை. வியாழன் முழுக்கப் பனிப்புயல். ஐலி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நான் சீட்டு விளையாடினேன், தனியாக. ஒவ்வொரு ஆட்டமும் எனக்கே வெற்றி.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வானம் கழுவி விட்ட மாதிரி நீலம். காற்று நின்றுவிட்டது. டுவெய்ன் பனிச்செருப்பு கட்டிக்கொண்டு நடந்தே வந்தார், காபி குடிக்க.

"நெடுஞ்சாலையைத் திறக்க நாளைக்கு சாயங்காலம் ஆகும்," என்றார். "அப்புறம் ஞாயிறு. பத்திரிகை வர திங்கள் ஆயிடும். அதுவரைக்கும் தடை கிடையாது. இது என் வேலை இல்ல, ஆண்டவன் வேலை. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் ஜம்முனு ஓட்டுங்க. நானே கை தட்டறேன்."

என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்? "டுவெய்ன், உனக்கு முத்தம் கொடுக்கலாம் போல இருக்கு!"

"என் மனைவிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

ஐலி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக, கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய ரயில் தடம் திறந்துதானே இருக்கும்?" என்றாள். "வண்டில போனா பெல்மருக்கு ரெண்டு மணி நேரம். தபால் ஆபீஸ் மூடறதுக்குள்ள திரும்பிடலாம்."

"ஐலி!"

"பத்திரிகை நேத்தே வந்திருக்கணும், வெர்னா."

டுவெய்ன் காபியை அப்படியே வைத்துவிட்டு நைசாக நழுவினார். புத்திசாலி. நாங்கள் இருவரும் கத்திய கத்தல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"ரெண்டாயிரம் மைல் வந்திருக்கேன்டி! இந்த இடுப்போட! உனக்கு உன் பத்திரிகைதான் பெருசு!"

"ஆமா, பெருசுதான். எனக்குப் பிடிக்காத சட்டம்னு நான் சும்மா உக்காந்திருந்தா, நாளைக்கு டுவெய்னுக்குப் பிடிக்காத செய்திக்கும் சும்மா உக்காருன்னு சொல்வான். அப்போ என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்றது?"

"நீ சும்மா உக்காரலே, புயல்தான் வந்தது!"

"புயல் நின்னுடுச்சு."

கொட்டகைக் கதவு திறக்கிற சத்தம். பின்னாலேயே போனேன், திட்டிக்கொண்டே. உள்ளே அவளுடைய மஞ்சள் வண்டிக்குப் பக்கத்தில் என்னுடைய பழைய வண்டி நின்றது. போகும்போது அவளிடம் விட்டுப்போனது. தூசு இல்லை. பெட்ரோல் நிரம்பியிருந்தது. ஒன்பது வருடமும் குளிர் வரும்போதெல்லாம் கிளப்பி வைத்திருக்கிறாள்.

திட்டு வாயிலேயே நின்றுவிட்டது.

"தனியா போயிடாதே," என்றேன். "வழில விழுந்தா உன்னைத் தூக்க யார் இருக்கா?"

"உன்னாலயா தூக்க முடியும்?"

"முடியாது. பக்கத்துல உக்காந்து திட்டுவேன்."

குளிருக்கு இருந்ததிலேயே கனமானது அந்த ஊதா உடுப்புதான். எனக்கு ஜிப் பாதியில் நின்றது. ஐலி முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்து ஏற்றினாள். "அரிசோனால உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்காங்க," என்றாள்.

கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. எண்ணெய் கலந்த அந்த நீலப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்து நாலு வயது.

ரயில் தடம் இரண்டு பக்கமும் தேவதாரு மரங்களோடு நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. யாரும் மிதிக்காத பனி. ஐலி முன்னால், இரண்டு வண்டிக்குப் பின்னாலும் சறுக்குப் பெட்டி தடதடக்க. பெல்மர் அச்சகத்துப் பையன்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாளைக்கு வராதா லாரி?" என்றான் ஒருவன். "நாளைக்கு சனிக்கிழமை தம்பி, தபால் ஆபீஸ் கிடையாது," என்றாள் ஐலி. கட்டுகளை அவள் பெட்டியில் பாதி, என் பெட்டியில் பாதி ஏற்றினார்கள்.

திரும்பும் வழியில், பாதித் தூரத்தில் மரக்குடில் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அங்கே நிற்காமல் நாங்கள் போனதே இல்லை. நின்றோம். பிளாக்பெர்ரி பிராந்தி புட்டியை ஐலி நீட்டினாள். ஆளுக்கு ஒரு மடக்கு. எங்கள் ஆறு பேரில் லொரெய்ன் இங்கேதான் கரடி என்று நினைத்து மரக்கட்டையைப் பார்த்து அலறினாள். பெர்னிஸ் புகைக்கூண்டில் ஏறிப் பாட்டுப் பாடினாள், குடிக்காமலே. ஹில்மா எப்போதும் பின்தங்கி வருவாள், வந்ததும் எங்களைக் கேட்பாள், "ஏன் இவ்ளோ லேட்?" மர்லிஸ் ஒன்றும் பேசமாட்டாள். அவள் கொண்டுவரும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டிக்காகவே அவளைச் சேர்த்துக்கொண்டோம் என்று கேலி செய்வோம். ஒருத்தி பெயரையும் ஐலி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. புட்டி மட்டும் இன்னொரு சுற்று வந்தது.

சூரியன் மரங்களுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. தபால் ஆபீஸ் மூட ஒரு மணி நேரம்தான்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வண்டிக் கைப்பிடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் எஞ்சின் செத்துவிடும். 'கிளம்ப மாட்டேங்குதுடி, இடுப்பு வேற வலிக்குது' என்றால் போதும். ஐலி என்னை விட்டுவிட்டுப் போகமாட்டாள். தபால் ஆபீஸ் மூடிவிடும். நாளைக் காலை மெயின் ஸ்ட்ரீட் எங்களுடையது.

கட்டை விரல் பொத்தான் மேலேயே இருந்தது. ஐலி திரும்பிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

நிஜமாகவே வலித்தது. "இல்லடி. கிளம்பு," என்றேன்.

உறைந்த ஏரியைக் கடந்து துறைக்கு வந்து நின்றபோது ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எதிரே மேடேறிப் போகிறது மெயின் ஸ்ட்ரீட். செங்கல் எதுவும் தெரியவில்லை. அதன் மேல் முழங்கால் உயரப் பனி. மேட்டின் உச்சியில் தபால் ஆபீஸ். வலது பக்கம் கடைகளின் பின்சந்து. அதன் வழியாகவும் போகலாம்.

"சந்துலேயே போயிடலாம்," என்றேன் எரிச்சலாக. "இனிமே அதானே நமக்கு."

ஐலி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்தாள்.

"அந்தச் சட்டம் இப்போ எங்கே இருக்கு, வெர்னா?"

"நம்ம பெட்டில. நீதானே கட்டி வெச்சே?"

"வெளிவந்துடுச்சா?"

"எங்கேடி வந்தது? நீ தபால் ஆபீஸ் ரோஸ்லின்கிட்ட கொடுத்து அவ வாங்கினாத்தானே..." பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஐம்பது வருடமாகத் தெரிந்த முகம். அதில் அந்தச் சாண்ட்விச் தட்டைக் கவிழ்த்த அதே பார்வை.

"விளக்கைப் போடு," என்றாள்.

விளக்கைப் போட்டேன். பக்கம் பக்கமாக, ஏறினோம். வேகமாக இல்லை, எங்கள் ஊர்வலம் எப்போதும் நடை வேகம்தான். சத்தம் கேட்டு முதலில் இரும்புக்கடைக் கதவு திறந்தது. அப்புறம் காபிக்கடை. யாரோ "அது நாளைக்குல்ல?" என்றார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் கண்ணிமை உறைந்துவிடும், அது ஒரு தொல்லை. மற்ற நான்கு பேரின் வண்டிகளும் கூட வருகிற மாதிரியே இரண்டு பக்கமும் இடம் விட்டு ஓட்டினாள் ஐலி. நானும் விட்டேன்.

தபால் ஆபீஸ் வாசலில் நடுவீதியில் நின்றான் கோடி. ஊரின் ஒரே போலீஸ்காரன், ஐலியின் தம்பி மகன்.

"அத்தை! என்ன இது? தடைன்னு தெரியாதா?"

"எந்தத் தடை? எந்தப் பத்திரிகைல பார்த்தே?"

கோடி பெட்டியைப் பார்த்தான். நடுவீதியிலிருந்து விலகினான்.

ஐலி முதல் கட்டைத் தூக்கினாள். நான் இரண்டாவது. கோடி மீதியைத் தூக்கினான், முணுமுணுத்துக்கொண்டே. ஜன்னலுக்குள் ரோஸ்லின் சாவியை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். எடை பார்த்தாள். ரசீதில் முத்திரை குத்தினாள்.

"சரி," என்றாள் ஐலி. "இப்போ சட்டம்."

வெளியே வந்தோம். வண்டிகள் இரண்டும் மெயின் ஸ்ட்ரீட் உச்சியில், பட்டையில் ஆணியோடு நின்றிருந்தன. ஐலி கயிற்றில் கை வைத்தாள்.

"அத்தை, கிளப்பினா நான் அபராதம் எழுதியே ஆகணும்," என்றான் கோடி, பாவமாக. "ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"தள்ளக் கூடாதுன்னு போட்டிருக்கா?" இது டுவெய்ன். கூட்டத்திலிருந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். "நான்தானே எழுதினேன். போடல."

என்னை வண்டியில் உட்கார வைத்தார்கள். இடுப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் இறங்க மறுத்தது. ஐலி தன் வண்டியில், ராணி மாதிரி. இரும்புக்கடைக்காரர், காபிக்கடைப் பெண்கள், கோடி, மேயர் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். எஞ்சின் சத்தம் இல்லாமல் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கினோம். பனி மட்டும் அடியில் சரசரத்தது.

"வெர்னா," என்றார் டுவெய்ன், மூச்சிரைக்க, "அடுத்த வருஷத்துக்கு இப்பவே மனு கொடுத்துடுங்க. அறுபது நாள் ஞாபகம் வெச்சுக்குங்க."

"கொடுக்கிறோம்," என்றாள் ஐலி எனக்காக. "நீ தள்ளு."