முதல் பூச்சு காய்வதற்குள்

அன்றைக்கு வகுப்பில் ஆளுக்கு நீலம் ஒன்றுதான். வேறு வண்ணத்தைத் தொட்டால் டிராயிங் டீச்சருக்குக் கெட்ட கோபம் வரும்.

"முதல்ல வெளிர் நீலம் பூசுங்க. காயட்டும். அது மேல இன்னொரு பூச்சு, அதுவும் காயட்டும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் அழுத்தம் கூட்டணும். ஈரத்து மேல பூசினீங்க, எல்லாம் ஊறி ஒண்ணாயிடும்!"

வாய் வலிக்கச் சொன்னாள். அந்த வாண்டுகளுக்கா பொறுமை? வானமும் வீடும் ஒரே சேறு.

கடைசி மேஜையில் குட்டி மட்டும் சொன்னபடி செய்தாள். குட்டி, டீச்சருடைய கணவரின் மகள். பெற்றவள் போய்ச் சேர்ந்த பிறகு டீச்சர் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். குட்டி வாயில் தலை வாரிவிட்டாலும் டீச்சர், காய்ச்சலில் மடியில் கிடந்தாலும் டீச்சர். ஒரு தடவை 'சித்தி' என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று இவள் தவம் கிடந்தாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

குட்டியின் தாளை எட்டிப் பார்த்தாள். குடும்பப் படம். அம்மா கருநீலத்தில், கண்ணும் மூக்கும் உயிரோடு. பக்கத்தில் அப்பா. அம்மாவின் தோளை ஒட்டி இன்னொருத்தி, தாளோடு தாளாக வெளிறிப்போய். கொண்டையை வைத்துத்தான் அது தன் உருவம் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

செத்தவளுக்கு அத்தனை நீலம், சோறு போடுகிறவளுக்கு இந்த அழுக்குத் தண்ணீரா?

"இது யாரு, பேயா?" என்று சிரிக்கிற மாதிரி கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. பிரஷைப் பிடுங்கி, கெட்டி நீலத்தில் தோய்த்து, தன் உருவத்தின் மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். ஊருக்குத்தானே உபதேசம்!

அம்மாவுக்குப் போட்ட கடைசிப் பூச்சும் காய்ந்திருக்கவில்லை. நீலம் விறுவிறுவென்று தோளைத் தாண்டி முகத்துக்குள் போனது. பஞ்சால் ஒற்றினாள், மூக்கு போனது. இன்னும் ஒற்றினாள், கண்ணும் போனது.

குட்டி அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை.

"உங்களுக்கு இப்பதான் முதல் பூச்சு போட்டேன் டீச்சர். காயட்டும்னு உக்காந்திருந்தேன்."

டீச்சர் பஞ்சைக் கீழே போட்டாள். "வேற தாள் தரேன்டா கண்ணு. மறுபடி போடலாம்."

"போட்டோல இருக்கறது அம்மாவோட கல்யாண மூஞ்சி. எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி மறந்துக்கிட்டே வருது. இன்னிக்குத்தான் சரியா வந்துச்சு."

சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"அப்பா கேட்டா நானே தண்ணிய கொட்டிட்டேன்னு சொல்றேன். இல்லன்னா உங்களத் திட்டுவாரு."