போறவரே, விலையச் சொல்லிட்டுப் போங்க

ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தனக்குத்தானே பாடுவதைக் கேட்கத் தலைக்கு எண்ணூற்றைம்பது. ரெண்டாக எடுத்தால் பார்த்துப் போடுவீர்களா என்று கேட்டேன். டிக்கெட் கூண்டுக்குள் இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வைக்கு மட்டும் தனியாகக் காசு வாங்கவில்லை.

"மானத்த வாங்காதடா," என்றாள் அக்கா. பஸ் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எங்களுடையது துணிக்கடை. விரித்துக் காட்டுவது நான், விலை சொல்வது அத்தான், கூப்பிடுவது அக்கா. விலை படியாமல் எழுந்து போகிற ஆளை வாசல் தாண்டவிட்டு, தெருமுனை திரும்புவதற்குள் ஒரு குரல் கொடுப்பாள்: "போறவரே! உங்க விலையச் சொல்லிட்டுப் போங்க!" திரும்பி வராத ஆள் கிடையாது.

போன வருஷம் அத்தான் கடையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அக்கா அப்போது மாடியில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிடாமல் போன ஒரே ஆள் அவர்தான். அதன் பிறகு அவள் கடைக்கு வரவில்லை, சரியாகப் பேசவும் இல்லை, அழவும் இல்லை. பின்னறையில் உட்கார்ந்து இந்தப் பாட்டுக்காரரையே போனில் போட்டுக் கேட்பாள். நேரில் காட்டினால் வாய் திறப்பாளோ என்ற நப்பாசையில் பட்டணத்துக்குக் கூட்டி வந்தேன்.

"பேசாதவங்களப் பேசாதவர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்க. நல்ல வைத்தியம்!" என்று என் மனைவி வழியனுப்பியிருந்தாள்.

அவள் சொன்னது சரிதான். மனிதர் வந்தார், ஒரு வணக்கம் இல்லை. நாற்காலியைப் பாதி திருப்பிப் போட்டு, கிட்டாரைக் கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார். இப்படி முதுகைக் காட்டினால் எங்கள் கடையில் ஈ கூட உட்காராது.

பிறகு அக்கா தினமும் கேட்கிற பாட்டு வந்தது. நடுவில் அவர் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தார்; அதே இடத்தில் மறுபடி உடைந்தது. கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டுத் திரைப்பக்கம் நடந்தார். அரங்கமே மரியாதையாக வாய்மூடிப் பார்த்திருந்தது.

என் பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது.

"போறவரே! உங்க விலையச் சொல்லிட்டுப் போங்க!"

வாய் முந்திக்கொண்டது. அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இருக்கைக்கு அடியில் இடம் தேடினேன்.

அவர் நின்றார். அன்று முதல்முறையாக எங்களுக்கு முகம் காட்டினார். "யாரும்மா அது, இங்க கடை வெச்சிருக்கறது?"

அரங்கம் சிரித்தது. "துணிக்கடைங்க," என்றாள் அக்கா.

"என்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்லையேம்மா. பாட்டு பாதியிலயே அறுந்துபோச்சு."

"அறுந்தா என்னங்க? பிட்டுத்துணியும் துணிதான். இருக்கறதக் குடுங்க."

அவர் திரும்பி வந்து, நாற்காலியை எங்களைப் பார்த்துப் போட்டார். விட்ட இடத்திலிருந்து பாடினார். அதே இடத்தில் குரல் மறுபடியும் உடைந்தது. இந்தமுறை நிறுத்தவில்லை, உடைந்த குரலிலேயே முடித்தார்.

அக்கா அழுதாள். சின்ன அழுகை இல்லை, மொத்த வியாபார அழுகை. நான் கூரையிலிருந்த விளக்குகளில் ஏதோ வேலை இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஆட்டோக்காரர் பஸ் நிலையத்துக்கு முந்நூறு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நூத்தம்பது" என்றாள். அவர் தலையாட்டி மறுத்தார்.

"நீ நடடா," என்று என் காதில் சொன்னாள். "அவரு கூப்பிடுவாரு."

கூப்பிட்டார். நூற்றெண்பதில் படிந்தது.

பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கியதும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். செலவில் டிக்கெட் ஆயிரத்து எழுநூறு, பஸ்ஸுக்கு நானூறு, ஆட்டோ நூற்றெண்பது. வரவில் ஒரு கூப்பாடு, ஒரு அழுகை. விலை சொல்லாமல் போன அத்தான் பேரில் மட்டும் பாக்கி நிற்கிறது. அதை வசூலிக்க வழியில்லை. தள்ளுபடி செய்யவும் மனசு வரவில்லை.