பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர்

விளாங்குடியில் கப்பல்காரர் என்றால் நல்லகாமன்தான். டெஸ்ட்ராயர் என்கிற போர்க்கப்பலில் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்தவர். ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் கப்பல் கதைதான். வீடு உயரத்துக்கு அலை வந்தது, வெயிலில் காய்ந்த இரும்புத் தளத்தில் கால் பொத்துப்போனது, எல்லாம் நிஜம். ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். அந்தப் பீரங்கிச் சத்தத்தில் அவருடைய இரண்டு காதும் போய்விட்டன.

கரைக்கு அனுப்பிவிடுவார்களே என்று கப்பலில் மறைத்தார். அதிகாரியின் வாய் அசைந்தால் இவர் தலை ஆடும். பிறகு பக்கத்தில் நிற்பவன் செய்வதைப் பார்த்துச் செய்வார். ஊருக்கு வந்தும், செவிடன் என்ற பட்டப்பெயருக்குப் பயந்து மறைத்தார். தானே பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவர் கேள்வி கேட்க முடியாது பாருங்கள்! மனைவி பாண்டியம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில், மகள் அழகம்மாளுக்குப் பரிசம் போடப் பரவையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா காசிமாயன் குடும்பத்தோடு வந்தார். நல்லகாமன் வழக்கம்போல் கப்பலை நடுக்கடலுக்குக் கொண்டுபோய்ப் பீரங்கியை வெடித்தார். அவர் மூச்சு வாங்கிய நேரம் பார்த்துக் காசிமாயன் ஏதோ கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கதவோரம் நின்ற அழகம்மாளின் முகம் செத்துப்போனது. பாண்டியம்மாள் புருஷனைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய்க் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"டீச்சர் வேலைய விட்டுறணும், சம்மதமான்னு கேக்குறாரு. நீங்க பாட்டுக்கு மண்டைய ஆட்டுறீங்க!"

நல்லகாமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ராவும் பகலும் படித்து வேலை வாங்கிய பிள்ளை. தட்டு மாற்றிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. இவர் மானம் பிழைக்கும், அவள் வேலை போகும். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"சம்பந்தி, மன்னிச்சுக்கங்க. நீங்க கேட்டது எனக்கு விளங்கல. எனக்குக் காது கேக்காது. கப்பல்லயே போச்சு. யாரு என்ன சொன்னாலும் தலையாட்டியே பழகிட்டேன். எம்மக வேலைய விடமாட்டா."

காசிமாயனின் தம்பி தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது. நல்லகாமன் அவமானத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அழகம்மாள் வந்து பக்கத்தில் குனிந்தாள். சபையைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் காதில் உரக்கக் கேட்டாள்.

"அப்ப, போன வாரம் கிணத்தடியில நான் சொன்னதும் கேக்கலையாப்பா?"

"என்னத்தா சொன்ன?"

"இந்த மாப்ள வேணாம்னு சொன்னேன். நீங்க தலையாட்டுனீங்க. ஆட்டிட்டு மறுநாளே போயி இவங்கள வரச் சொல்லிட்டீங்க."

அன்று அவள் அழுதது அவருக்கு நினைவிருந்தது. வீட்டைப் பிரியப் போகிற வருத்தம் என்று நினைத்து, தலையைத் தடவிக்கொடுத்து, அவளுக்கும் ஒரு கப்பல் கதை சொல்லியிருந்தார்.