வீட்டை இறக்கிய வாசிப்புத் தாள்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த வாசிப்புத் தாளை மகள் சத்தமாகப் படிக்கும் ஒவ்வொரு மாலையும் அந்த வீடு அரை அங்குலம் மண்ணுக்குள் இறங்கியது. தாய்க்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை என்பதால் இதைக் கண்டு அலறவில்லை, அளந்தாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். வீடு சாயவில்லை, நேராகத்தான் இறங்குகிறது. வெளிச்சுவரில் மண் தொடும் இடத்தில் தினமும் பென்சிலால் கோடு போட்டாள். விடுமுறை நாட்களில் கோடு அசையவில்லை. இருபது பள்ளி நாட்களில் பத்து அங்குலம் போய்விட்டது. தையல்காரரான அப்பா, “வீட்டுக்கு யாரோ கீழ்மடிப்பு வெச்சுத் தைக்கிறாங்கடி” என்று சிரித்தார். மழைத் தண்ணீர் தையல் மெஷினின் காலை நனைத்த அன்று அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்த மாதமே நூலகத்தின் லிப்டைச் சரிசெய்யப் போன தாய், குழந்தைகள் அலமாரியில் அந்தத் தாள்களில் ஒன்றின் மூலப் புத்தகத்தைக் கண்டாள். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கப் போகும் ஓர் ஆமையின் கதை, பதினோரு அத்தியாயம். பள்ளிக்கூடம் அதை ஒரே பக்கமாக நறுக்கி, அடியில் ‘நேர்மையே சிறந்தது’ என்று ஆணி அடித்திருந்தது. அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. கருவிப்பையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, ஒரு மோட்டாரைப் பிரிப்பதுபோல் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு அத்தியாயமும் ஏழு வயதுக் குழந்தை அலுக்காமல் படித்து முடிக்கும் நீளம். முடிகிற இடத்தில் கதவு பாதி திறந்திருக்கும்; மீதியைத் திறக்கக் குழந்தையின் கையே பக்கத்தைப் புரட்டும். ‘தயங்கியது’ என்ற கடினமான சொல் முதல் தடவை படத்தோடு வருகிறது, அடுத்த தடவை படமில்லாமல். மூன்றாம் தடவை வருவதற்குள் அது குழந்தையின் சொந்தச் சொல்லாகிவிடும். யாரோ கணக்குப் போட்டு, அன்போடு மாட்டிய பற்சக்கரங்கள். தாளில் ‘தயங்கியது’ இல்லை. குழந்தைக்குச் சிரமமாம், ‘நின்றது’ என்று மாற்றியிருந்தார்கள். ஏன் நின்றது என்பதும் அதோடு போயிற்று.

எறும்பு என்பது மகளின் செல்லப்பெயர். அன்று மாலையிலிருந்து அவளும் தாயும் அந்த நூலகப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகப் படித்தார்கள். அத்தியாயத்துக்கு இரண்டு அங்குலம் வீடு மேலே வந்தது. புத்தகம் முடிந்தபோது பழைய மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றது. தபால்காரர் எட்டித்தான் கடிதம் நீட்டினார். அந்தக் கடிதத்தில், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் போதாததால் மகள் இரண்டாம் வகுப்பிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டும் என்றிருந்தது. கூடவே வைத்திருந்த தேர்வு விடைத்தாளில், ஆமை என்ன செய்தது என்ற கேள்விக்கு, ‘தயங்கியது, ஏனென்றால் குடை கிழிந்திருந்தது, திட்டுவார்களோ என்று பயம்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. சரியான விடை ‘நின்றது’.

மறுநாள் தாய் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் வேலை உடையோடேயே போய் நின்றாள்.

“இந்தத் தாளெல்லாம் நிபுணர்கள் தயாரிச்சதும்மா,” என்றார் தலைமையாசிரியை.

“நிபுணர் குழந்தைங்கள எட்டத்துல இருந்தாவது பாத்திருக்காரா டீச்சர்? நாலு பல்ல உடைச்சிட்டுச் சக்கரம் சுத்தலைன்னா, சக்கரத்தயா ஃபெயில் பண்ணுவீங்க? நீங்களே படிங்க. சத்தமா.”

தலைமையாசிரியை வீம்புக்குப் படித்தார். அறை ஒரு சாண் இறங்கியது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். அடுத்ததையும். பெரியவர் படித்தால் பாரம் அதிகம் போலிருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சாண் போயிற்று. ஜன்னலில் மண் ஏறி, விளையாட்டு மைதானத்தில் ஓடும் பிள்ளைகளின் செருப்புகள் மட்டும் தெரிந்தபோதுதான் நிறுத்தினார்.

“இப்ப என்னம்மா செய்யறது?” என்றார், குரல் இறங்கி.

எறும்பு புத்தகத்தை விரித்து நான்காம் அத்தியாயத்தை நிதானமாக, ஒரு சொல்லில் மட்டும் திக்கி, திரும்பப் பிடித்துப் படித்தாள். ஒற்றை அறை வீட்டைவிட லேசு போலிருக்கிறது, சாண் சாணாக ஏறியது; ஜன்னலில் முழங்கால்கள் வந்தன, பிறகு முகங்கள். அத்தியாயம் முடிந்தது. “அப்புறம்?” என்று கேட்டுவிட்டுத் தலைமையாசிரியை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இப்படி அப்புறம், அப்புறம்னு படிச்சதுக்குத்தான் என் பொண்ணுக்கு மார்க்கக் குறைச்சீங்க,” என்றாள் தாய்.

மூன்றாம் வகுப்புக்கான கையெழுத்து அங்கேயே விழுந்தது. ஆனால் ஒரு குழந்தைக்கு மட்டும். மற்ற பிள்ளைகளுக்கு நாளைய தாள்கள் வெளியே வராந்தாவில் கட்டுக் கட்டாக அச்சாகிக்கொண்டிருந்தன. தாய் திட்டியபடியே அவற்றைத் தாண்டிப் போனாள். அடுத்த வருடங்களிலும் திட்டினாள், மனு எழுதினாள், தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினாள்; அவர்களுடைய பத்துப் பன்னிரண்டு வீடுகள் மேலே வந்தன. மற்றவை இறங்கிக்கொண்டே இருந்தன. அந்த ஊரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இப்போது ஜன்னலைக் கூரையை ஒட்டியே வைக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.