பென்சன் கோழிக்கு வேறு பெயர்

1

ஸ்கூடாய் நகரத்துச் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் எந்தக் கோழியை எடுப்பது என்று விழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கூடையோடு நின்ற பெண் கேட்காமலே சொன்னதுதான் இந்தக் கதை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவள் கிறிஸ்டின், முன்பு வேறொரு கடையின் கோழிப் பகுதியில் வேலை பார்த்தவள்.

2

'கிறிஸ்டினுக்குக் கோழி என்றால்...' என்று எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். அவளுக்குக் கோழி வாடையே ஆகாது. செனாய் ஊர்த் தொழிற்சாலையில் ஆள் குறைத்து இவளை அனுப்பியபோது கிடைத்த வேலை அது. ஒரே மாதத்தில் எல்லாம் அத்துப்படி: சதைப்பிடிப்பான சாதாக் கோழி, கிராமத்தில் மேய்ந்து வளரும், விலை கூடிய, மெலிந்த கம்பத்துக் கோழி, சூப்புக்குக் கருங்கோழி. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஒரு காலை, சூப்பர்வைசர் சுகுமாறன் அவளைப் பின்கட்டில் பொட்டலம் கட்டச் சொன்னான். பெட்டியைத் திறந்தாள். ஒல்லிக் கோழிகள், தடித்த தோல்.

"இது என்ன கோழி தம்பி?"

"பென்சன் கோழி, அக்கா. முட்டை போட்டு ஓஞ்சது."

ஸ்டிக்கர் சுருளை நீட்டினான். எல்லாவற்றிலும் 'கம்பத்துக் கோழி'.

"ஸ்டிக்கர் மாறி வந்துருச்சு போல."

"மாறல லா. எப்பவும் இதான். ஒட்டுங்க."

3

('இடி விழுந்தது போல' என்று எழுதி அடித்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "காது அடைச்சிக்கிச்சு.")

தங்கை வினிஃப்ரெட்டுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள். பத்தியச் சூப்புக்கு இந்தக் கடைத் தட்டிலிருந்துதான் கிறிஸ்டின் கம்பத்துக் கோழி வாங்கிப் போனாள். "ரப்பர் மாதிரி இருக்குக்கா" என்று தங்கை முகம் சுளித்தபோது, "கம்பத்துக் கோழின்னா அப்படித்தான்டி. மென்னு முழுங்கு" என்று அதட்டியவளும் இவளே.

"பிள்ள பெத்தவங்க நம்பி வாங்குறாங்க தம்பி."

"சாப்பிட்டா ஒண்ணும் ஆவாதுக்கா. அதுவும் கோழிதானே?"

(சுகுமாறனை வில்லனாக்கப் பார்த்தேன். ஆனால் அவனுக்கும் மேலே ஒருவர்... வேண்டாம், அது வேறு கதை.)

கிறிஸ்டின் ஒட்டவில்லை. கடைக்குள் போய், தட்டிலிருந்த பொட்டலங்களின் ஸ்டிக்கர்களை ஆட்கள் பார்க்கப் பார்க்க உரித்தாள். மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் மலாயில் 'பென்சன் கோழி' என்று எழுதினாள்.

சுகுமாறன் ஓடி வந்தான். "அலமாக்! என்னக்கா பண்றீங்க? வேலை போயிரும்!"

"போவட்டும்."

மத்தியானமே போனது.

4

அதிகாரிகள் வந்து கடையைச் சோதித்ததாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

அவள் நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். வினிஃப்ரெட் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சூப்பைக் குடித்து முடித்திருந்தாள்.

"இப்பப் பழகிருச்சுக்கா. நீ இல்லன்னா எனக்கு யாரு இதெல்லாம் தேடி வாங்கித் தருவா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று சூப்பர்மார்க்கெட்டில் அவளைக் கேட்டேன். கிறிஸ்டின் கூடையைத் தூக்கிக்கொண்டு காய்கறிப் பக்கம் போய்விட்டாள். நானாக இரண்டு பதில்கள் எழுதினேன். இரண்டும் பொய்யாகத் தெரிந்தன. இனி உங்கள் பாடு. வாக்கியத்தைத் தொடங்கி மட்டும் தருகிறேன்:

காலிக் கிண்ணத்தைத் தங்கை கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கிறிஸ்டின்