செத்த கன்று யார் கணக்கில்?

கோர்ட்டு அமீனா எங்கள் கூலிக்காரர் லைன் வீடுகளுக்குள் நுழைந்தபோது நான் வறட்டி தட்டிக்கொண்டிருந்தேன். நல்லதாய்ப் போயிற்று. இரண்டு கையிலும் சாணி, அவர் நீட்டிய சம்மனை எப்படி வாங்குவது? சாணி இல்லாவிட்டாலும் வாங்கியிருக்க மாட்டேன். "காயிதத்த கையால தொட்டாத்தான் கேசு. தொடலன்னா கேசே இல்ல" என்று என் வீட்டுக்காரர் காத்தவராயன் சொல்லியிருந்தார். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்குகிற மனுஷர், சட்டத்திலும் அவ்வளவு ஆழம் போயிருப்பார் என்று நம்பித் தொலைத்தேன்.

கேசு போட்டவள் சம்பங்கி. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மூங்கில் தட்டி. அவள் பசுவை நான் வாரத்துக்கு, கன்றில் பங்கு பேசி, வளர்த்தேன். முதல் கன்று வளர்க்கிறவளுக்கு, அடுத்த கன்று மாட்டுக்காரிக்கு. எங்கள் ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம் அது. முதல் கன்று பிறந்த அன்றே செத்துப்போனது. அடுத்தது லட்சணமான கிடாரி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. "செத்தது உன்னுது, இருக்கறது என்னுது" என்றாள் சம்பங்கி. இது என்ன நியாயம்? செத்ததை யாராவது பங்கில் சேர்ப்பார்களா? கயிற்றை நான் விடவில்லை. அவள் கோலார் கோர்ட்டுக்கே போய்விட்டாள். போகட்டும். சுட்டி என் உயிர், அவளைக் கொடுக்க மாட்டேன்.

அமீனா மட்டும் சளைத்தவரா? சம்பங்கியிடமே கேழ்வரகுக் கூழ் வாங்கி, சம்மனை என் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் சுட்டி கூழை நக்கி, ருசி கண்டு, காகிதத்தையும் உரித்துத் தின்றுவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சுரங்கத்தில் ஏற்றி இறக்குகிற கேஜில் யாரோ சொன்னார்களாம்: கதவில் ஒட்டினாலே கேசுதான், சொன்ன தேதிக்குப் போய்ப் பதில் கொடுக்காவிட்டால் கன்று அவளுக்கே என்று. கதவில் மிஞ்சிய கூழைத் தடவிப் பார்த்தேன்.

"இன்னா தேதின்னு எப்பிடிய்யா தெரியும்? அதத்தான் இது துன்னுடுச்சே!"

"கத்தாதமே. அந்தாண்ட கேக்கப்போவுது."

அந்தாண்டையிலிருந்தே சம்பங்கியின் குரல் வந்தது. "வர்ற செவ்வாக்கெழம. நான் வண்டி பேசிகினேன். வர்றதுன்னா கோழி கூவசொல்ல கெளம்பி இரு."

"உன் வண்டில எவ வருவா?" என்றேன்.

அந்த வண்டியில்தான் போனேன். வேறு வண்டி ஏது? சுட்டியையும் ஏற்றிக்கொண்டோம். விட்டுவிட்டு வந்தால் என் வீட்டுக்காரர் ஒளித்துவைப்பார் என்று சம்பங்கிக்குச் சந்தேகம், அவள் வீட்டுக்காரர் அவிழ்த்துக்கொள்வார் என்று எனக்கு. வழியில் சுட்டி சம்பங்கியின் புதுப் புடவையில் மூத்திரம் பெய்தாள். "உன் கன்னுதானே, தொடச்சிக்கோ" என்றேன். பங்காருபேட்டை தாண்டும்வரை அவள் புடவையைப் பிழிந்துகொண்டே வந்தாள்.

கோர்ட்டில் பதிலை எழுதிக் கொடுக்கச் சொன்னார் முன்சீப் ஐயா. வெளியே வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் முன் உட்கார்ந்தேன். "மொதல் கன்னப்பத்தி இன்னாமா எழுதறது?" என்று கேட்டார். இத்தனை வாய் பேசுகிற எனக்கு அழுகைதான் வந்தது. அதன் மூக்கைத் துடைத்து ஊதி ஊதிப் பார்த்தது என் மடியில் வைத்துத்தானே.

பக்கத்தில் நின்ற சம்பங்கி முன்னால் வந்தாள். "நான் சொல்றேன், எழுதுங்கய்யா."

"நீ கேசு போட்டவ இல்ல?"

"போட்டவதான். அன்னிக்கி ராத்திரி பூரா இவ அழுதத தட்டிக்கு அந்தாண்டயிருந்து கேட்டவளும் நான்தான். என் மாடு ஈன்ன கன்னு, எனக்கு ஒரு சொட்டு தண்ணி வரல. அத்தயும் கேட்டுட்டு கேசு போட்டேனே, நானெல்லாம் இன்னா பொம்பள!" மூக்கை உறிஞ்சினாள். "செத்தது என்னுதுன்னு எழுதுங்க."

எழுதுகிறவர் பேனாவை மையில் தொட்டு எழுதத் தொடங்கினார். சுட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தும் நாக்கை நீட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தோம்.